முப்பத்தெட்டு அங்குலம்

பெரணிச் செடிக்கு வெயில் ஆகாது. இது தெரியாமல் பலர் மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கருகிவிட்டது என்று புலம்புவார்கள். அதற்கு வேண்டியது நிழலும் ஈரமும், இரண்டு பக்கமும் சுவர் உள்ள குறுகலான ஓர் இடமும்தான். அப்படி ஓர் இடம் என் வீட்டை ஒட்டிச் சும்மா கிடந்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டேன். நீங்கள் கேட்டதற்குச் சுருக்கமான பதில் இவ்வளவுதான். நீளமாக வேண்டும் என்கிறீர்கள். சரி. எழுதுகிற அம்மாவை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். அளவுகள் தப்பாகப் பதியக்கூடாது.

நான் தையல்காரி. முப்பது வருடமாகக் கத்தரி பிடிக்கிறேன். துணியை மேஜையில் விரித்தால், எந்த மூலையில் கழுத்துப்பட்டி வரும், எந்த ஓரத்தில் பை வரும் என்று கண் தானாகப் பார்த்துவிடும். என் மேஜைக்கடியில் விழும் வெட்டுத்துண்டுகள் ஒரு கைப்பிடிக்கு மேல் தேறாது. வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. அது குணம். குணத்துக்குத் தண்டனை கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டா என்று எனக்குத் தெரியாது.

வீட்டின் முன்பகுதி எனக்கு. பின்னால் ஓர் அறையும் சமையல்கட்டும் குளியலறையும் சின்னவளுக்கு. சின்னவள் என்றால் என் கொழுந்தனின் மனைவி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய வீடு. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியது நாங்கள் இருவரும், வீட்டின் பக்கவாட்டில் ஒரு சந்தும். நாற்பதடி நீளம், முப்பத்தெட்டு அங்குல அகலம். ஒரு பக்கம் என் சுவர், மறுபக்கம் அடுத்த கட்டடத்தின் ஜன்னல் இல்லாத சுவர். தெருவிலிருந்து சின்னவளின் அறைக்குப் போக அது ஒன்றுதான் வழி. பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு மதில்.

அந்தச் சந்தைச் சும்மா கிடந்தது என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை. அதில் ஆட்கள் நடந்தார்கள். அளவு கொடுக்க என்னிடம் வருவார்கள். ஐந்து நிமிடம் நிற்பார்கள். "அப்படியே பின்னாடி ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேங்க" என்று சந்தில் நுழைந்தால் ஒரு மணி நேரம். அங்கே அப்படி என்ன இருந்தது? நானும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். "முழங்கால் வலி இப்ப தேவலையா?" என்பாள். "பொண்ணு பரீட்சை எப்படி எழுதினா?" என்பாள். அவ்வளவுதான். அதற்கு ஒரு மணி நேரம். என் வாசலுக்கு வந்தவர்கள் எல்லாரும், முற்றத்துத் தண்ணீர் மடையில் இறங்குவதுபோல், அந்தச் சந்து வழியாக அவளிடம் வடிந்துபோனார்கள். துணி என்னுடையது, உழைப்பு என்னுடையது, சிரிப்புச் சத்தம் மட்டும் பின்னால் கேட்டது.

போன வருடம் பெரணித் தொட்டிகளுக்காக முதல் அடுக்குப் பலகை வைத்தேன். அளவெடுத்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்தது அவள்தான். "நல்லா இருக்கும் அக்கா. வர்றவங்களுக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்" என்றாள். என் சுவர் ஓரமாக, சந்து நீளத்துக்கும் பன்னிரண்டு அங்குலப் பலகை. மிச்சம் இருபத்தாறு. ஆட்கள் வழக்கம்போல் நடந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து எதிர்ச்சுவரில் ஒன்பது அங்குலப் பலகை. மிச்சம் பதினேழு. சின்னவள் கனத்த உடம்புக்காரி. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்றேன். "அதுக்கென்ன அக்கா, நண்டு மாதிரி நடந்துட்டுப் போறேன்" என்று சிரித்தாள். அன்றிலிருந்து பக்கவாட்டில் நடந்தாள். அவளைத் தேடி வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். நல்ல உடுப்பில் மண் ஒட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

என் அளவு நோட்டை எடுத்துவைத்திருக்கிறீர்கள். அதில் அவள் பக்கத்தைப் பாருங்கள். இடுப்புக்குக் கீழ்ச் சுற்றளவு நாற்பத்தெட்டு. சுற்றளவு தெரிந்தால், ஒருக்களித்து நின்றால் எவ்வளவு இடம் வேண்டும் என்பது என்னைப் போன்றவளுக்குக் கண்ணளவிலேயே தெரிந்துவிடும். பதினான்கரை. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 13 என்று எழுதியிருக்கிறதே, அது என் கையெழுத்துதான். மறுக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை மதியம், அவள் தூங்கும் நேரமாகப் பார்த்து, சந்தின் முன்பாதியில் அகல வாய்த் தொட்டிகள் எட்டு வைத்தேன். பக்கத்துக்கு நான்கு. விளிம்பு பலகையைத் தாண்டி இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கும். பதினேழில் நான்கு போனால் பதின்மூன்று.

சாயங்காலம் அந்த இடம்வரை வந்து நின்றாள். இலைக்கு அந்தப் பக்கம் அவள் முகம் தெரிந்தது.

"அக்கா, இதுக்கு மேல வர முடியலயே."

"போட்டி இருக்கு. தோட்டக்காரங்க சங்கத்துல இருந்து பாக்க வர்றாங்க. அதுவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"எப்ப வர்றாங்க?"

"வருவாங்க."

ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் இரண்டு வேளையும் அவளுக்குச் சாப்பாடு அனுப்பினேன். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். கூடைக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டி, தொட்டிகளுக்கு நடுவே தரையோடு தள்ளுவேன், அவள் இழுத்துக்கொள்வாள். பாத்திரத்தைக் கழுவித்தான் திருப்பி அனுப்புவாள். "நான் ஒரு சுத்து இளைச்சாப் போதும் அக்கா, வழுக்கிட்டு வந்துடுவேன்" என்று ஒரு நாள் வேடிக்கையாகச் சொன்னாள். அன்றிலிருந்து இரண்டு கரண்டி கூடுதலாக வைத்தேன், நெய்யும் விட்டேன். நான் கஞ்சத்தனம் பண்ணினேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

அவளுடைய போனைக் கேட்டீர்கள். பட்டன் அழுந்தவில்லை, ரிப்பேருக்குக் கொடுங்கள் என்று கூடையில் போட்டு அனுப்பினாள். கொடுத்தேன். ரிப்பேராகி வந்துவிட்டது. என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அவளைக் கேட்டு வந்தவர்களிடம், "அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா" என்பேன். தையல் மெஷினை ஓட்டிக்கொண்டேதான் சொல்வேன். அந்தச் சத்தத்தில் பின்னால் கேட்காது. அதன்பிறகு அவர்கள் என் அறையில் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம்கூட உட்கார்ந்தார்கள். ஒருத்தி என் கழுத்துவலியைப் பற்றிக் கேட்டாள். முப்பது வருடத்தில் அப்படி ஒருத்தி கேட்டது அதுதான் முதல் தடவை.

அடைத்து வைத்தீர்கள் என்கிறீர்கள். பூட்டு இருந்ததா? கதவு இருந்ததா? எட்டு மண்தொட்டிகள். கையை நீட்டித் தள்ளியிருந்தால் உடைந்திருக்கும், வழி திறந்திருக்கும். நானே ஒரு நாள் கேட்டேன். "அவ்வளவு கஷ்டமா இருந்தா தள்ளிட்டு வரவேண்டியதுதானே?" என்றேன். "ஐயோ, புள்ள மாதிரி வளக்கறீங்க. அத ஒடைச்சிட்டு நான் எங்க போகப்போறேன்?" என்றாள். இது அவள் வாயால் சொன்னது. அவள் சம்மதித்துத்தான் இருந்தாள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கடைசி வாரம். புதன்கிழமை காய்ச்சல் என்றாள். "ரெண்டே ரெண்டு தொட்டிய நகத்துங்க அக்கா. டாக்டரப் பாத்துட்டு உடனே திரும்பிடுவேன். நானே எடுத்து மறுபடி வெச்சுடறேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் வருகிறார்கள். நகர்த்தினால் கொழுந்து ஒடியும். மாத்திரை அனுப்பினேன். வியாழக்கிழமை நாலைந்து தடவை "அக்கா" என்று கூப்பிட்டாள். சத்தமாக இல்லை, அவள் எப்போதுமே சத்தம் போடமாட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் ஏதோ தகரம் தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மதியம் கூடையைத் தள்ளினேன். கயிறு இழுபடவில்லை. நானே திரும்ப இழுத்தேன். சாப்பாடு வைத்தது வைத்தபடி இருந்தது. வீணாக்கக்கூடாது என்று அதை நானே சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் மூன்று பேர் வந்தார்கள். வாசலில் நின்றே பார்த்தார்கள். அதற்கு மேல் போக இடமில்லை. ஒருவர் மூக்கைச் சுளித்தார், உரம் போட்டிருக்கிறேன் என்றேன். பெரியவராக இருந்தவர் எட்டி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முன்பக்கம் சுமார்தாம்மா. பின்பாதிதான் அமர்க்களம். என்ன செழிப்பு! சாய்ஞ்ச தண்டையெல்லாம் கலர் கலராத் துணி நாடா போட்டு எவ்வளவு பதமாக் கட்டியிருக்கீங்க!" முதல் பரிசு எனக்குத்தான். அந்த நாடாக்களை எப்போது கட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. என் வெட்டுத்துண்டுகள்தான், கைவேலையும் தையல்காரியின் கைவேலைதான். வேலை மும்முரத்தில் கட்டியிருப்பேன்.

திங்கட்கிழமை நானேதான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். உங்கள் ஆட்கள் வந்து எட்டுத் தொட்டிகளையும் எடுத்து வெளியே வைத்தார்கள். ஆறு நிமிடம் ஆயிற்று. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அவளால் வெளியே வரமுடியாத அளவு எது என்று தெரிந்துதான் வைத்தேன். கூப்பிட்டது காதில் விழுந்தது. ஆறு நிமிட வேலையை நான் செய்யவில்லை. கெஞ்ச மாட்டேன், அழ மாட்டேன். அந்தச் சந்து வீணாகிக்கொண்டிருந்தது. அதை நான் உருப்படியாக்கினேன்.

உங்கள் டாக்டர் ஒன்று கேட்டார். அவள் பின்பாதித் தொட்டிகளுக்கு நடுவே தகரக் குவளையோடு விழுந்து கிடந்தாளாம். காய்ச்சலில் எழுந்திருக்கவே முடியாதவள், குடிக்கிற தண்ணீர்ப் பானை சமையல்கட்டில் இருக்கும்போது, குவளையில் தண்ணீரை எடுத்துக்கொண்டு சந்துக்கு ஏன் வந்தாள் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? காய்ச்சலில் புத்தி தடுமாறியிருக்கும்.

இன்னும் ஒரு விஷயம். இது என் புகார், தனியாக எழுதிக்கொள்ளுங்கள். நேற்று இடத்தை அடையாளம் காட்ட என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். தொட்டிகளை எடுத்துப் பத்து நாள்தான் ஆகிறது. முன்பாதி அப்படியே பச்சையாக இருக்கிறது. வாசல் குழாயில் மாட்டிய என் ரப்பர் குழாயில் உங்கள் காவலாள் தினமும் தண்ணீர் விடுகிறாராம். அந்தக் குழாய் இருபதடிதான் எட்டும். பின்பாதிக்கு நான் ஒருநாளும் தண்ணீர் விட்டதில்லை. சுவரில் இருக்கும் ஈரமே அதற்குப் போதும், அப்படித்தான் ஒரு வருடமாகத் தளதளவென்று வளர்ந்தது. இப்போது அந்தப் பாதி முழுக்கக் கருகிக் கிடக்கிறது. ஒரு இலைகூட மிஞ்சவில்லை. உங்கள் ஆட்கள் கண்டபடி தொட்டிருக்கிறார்கள். செடிக்குக் கை மாறினால் ஆகாது.