பின்னால் ஓடிய ஆறு

கிராஞ்சியிலிருந்து சிராங்கூன் ரோட்டுக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன்னிருக்கையில் ஈர வேட்டியோடு அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆறு ஏண்ணே பின்னால ஓடுச்சு?" என்றான் தம்பி.

"கடல்தண்ணி ஏறுற நேரம்டா. அது தெரியாம சம்பான் படக எடுத்துட்டுப் போயிட்டோம்."

"அப்பாவோட அஸ்திச் சட்டிய நடு ஆத்துலதானே விட்டோம்? அது பழைய கால்வாய்க்குள்ள திரும்பிடுச்சே!"

"தண்ணி வடியுறப்ப வெளிய வந்துடும்லா."

"அங்க இப்ப யாரும் படகு விடுறதில்ல, ஒரே பாசி. சிக்கிக்கிட்டா?"

அண்ணன் தம்பி பக்கம் திரும்பினான். "அப்பா கடல்ல சேர்ந்துட்டாருன்னு அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"இன்னும் சேரலையேண்ணே."

அண்ணன் மணிக்கயிற்றை இழுத்தான். இருவரும் பாதி வழியில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் கிராஞ்சி பஸ்ஸுக்கு நின்றார்கள்.