சொந்தப் பொட்டி

எடுக்கறேன் சிஸ்டர், எடுக்கறேன். அந்தத் தராசக் கையில வெச்சிக்கினு என்ன முறைக்காதீங்க. எட்டு கிலோ ஜாஸ்தின்னா எங்கேந்து பிச்சி எடுக்கறது நானு? மொதல்ல உக்காருங்க. வேலூர்லேந்து பஸ்ல நின்னுக்கினே வந்தேன்னீங்களே, ஃபேனுக்குக் கீழ சேர இழுத்துப் போட்டுக்கினு உக்காருங்க. வேன் வர நேரம் கெடக்கு.

ஆளுக்கு ரெண்டு பொட்டி, ஒன்னு கண்ணு கேம்ப் சாமானுக்கு, ஒன்னு சொந்தத்துக்குன்னு பாஸ்டர் சொன்னாரா இல்லியா? அந்தக் கேம்ப் பொட்டியப் பத்தி நான் ஒரு வார்த்த கேட்டனா? கண்ணாடி டப்பா, சொட்டு மருந்து எல்லாம் உங்க ஆளுங்க வந்து அடுக்கிட்டுப் போனாங்க, வாயத் தொறக்கல நானு. ஆனா என் சொந்தப் பொட்டில யாரு யாரு சாமான் இருக்குன்னு வந்து பாருங்க. இது பாஸ்டரம்மா தெச்ச பைபிள் உறை, அங்க இருக்கறவங்களுக்குப் பரிசாம். இது டாக்டரோட ஓட்ஸ் டப்பா. எத்தியோப்பியாவுக்கே சமையல்காரியக் கூட்டிக்கினு போறாரு, ஆனா காலைல என் இட்லி அவருக்கு ஆவாதாம். இது யாருதுன்னே தெரியல, தலைமுடி காய வெக்கற மிஷினு. கண்ணு ஆப்பரேஷன் பண்ணப் போற எடத்துல முடிய இன்னாத்துக்குக் காய வெக்கணும்? என் பொட்டி இன்னா சத்திரமா?

கோவிச்சிக்கல. பேஜாரா இருக்கு, அவ்ளோதான். காலைலேந்து இதே வேலயா இருக்கேன். அடுக்கறது, தூக்கிப் பாக்கறது, மறுபடி கொட்டறது. இடுப்பு வுட்டுப் போச்சி.

சரி, என்னுதயே எடுக்கறேன். இந்தா, பட்டுப் பொடவ வெளிய. ஞாயித்துக்கெழம அங்க சபைக்குக் கட்டலாம்னு வெச்சேன், போவட்டும். இந்த ரெண்டு பொடவையும் வெளிய. ஸ்வெட்டரும் எடுத்துக்கிங்க. குளிருமா? குளிரட்டும், உங்க சால்வைல பாதி குடுங்க. மொளகாத்தூள்ல கை வெக்காதீங்க, அது உங்க எல்லாரு வாய்க்கும்தான்.

அதுவும் வேணாம் சிஸ்டர். அது மக்கன் பேடா. பக்கத்து வூட்டு முனவ்வர் பேகம் அவங்க பையனுக்குக் குடுத்தனுப்பறாங்க. அஸ்பாக்குன்னு, அங்க ஷூ கம்பெனில இருக்கான். தெரியும், வெளியாளுங்க பார்சல் எடுத்துக்கினு வரக் கூடாதுன்னு ரூல் போட்டீங்க. ஓட்ஸுக்கு இல்லாத ரூலு பேடாவுக்கு மட்டும் எங்கேந்து வந்துச்சி? அதக் குடுக்காம நான் அந்தப் பையன் மொகத்துல முழிக்க முடியாது.

இப்ப மாட்டித் தூக்குங்க. இன்னும் அஞ்சு ஜாஸ்தியா? அட போங்க! தராசே கோளாறு.

அடில துண்டு சுத்திக்கினு இருக்கறதா? அது அம்மி. ஆமா, அம்மிதான், சின்ன அம்மி. சிரிக்காதீங்க. ஆம்பூர்க்காரிய சமைக்கக் கூப்புட்டீங்க இல்ல? பிரியாணிக்கு மொளகாய ஊற வெச்சி அரைக்கணும். மிக்ஸில அரைச்சா சூடேறி வேற ருசி ஆயிடும். அங்க மிக்ஸி இருக்கா, இருக்கட்டும். கரண்டு இருக்கணுமே? ஜெனரேட்டரும் இருக்கா. சரிதான், எத்தக் கேட்டாலும் ஒரு பதிலு வெச்சிக்கினு வந்துருக்கீங்க. ஊரு விட்டு ஊரு வந்து சமைக்கறவ, ஒரு கல்லு எடுத்துக்கினு வர்றேங்கறா. அதுக்குக்கூட நாதியில்லியா எனக்கு?

குழவியா?

குழவி... அங்க போயி ஏதாவது கல்லு பாத்துக்கலாம்னு வெக்கல. குழவி இல்லாத அம்மி இருக்கக் கூடாதா இன்னா? வுடுங்க சிஸ்டர். ஓட்ஸ எடுத்துட்டு மறுபடி எடை போடலாம். துண்ட இழுக்காதீங்க. சொல்றேன் இல்ல, கைய எடுங்க. நான் கட்டுன கட்டு அது.

பிரிச்சிட்டீங்க. சரி, கல்லுல இருக்கற பேரப் படிங்க.

ஹேமந்த்து. என் புள்ள. ஒரே புள்ள.

அந்த ஊருக்குத்தான் கட்டிங் மாஸ்டரா போனான். நம்ம பக்கத்துலேந்து ஷூ வேலைக்கு அங்க எத்தினியோ பேரு போறாங்க. கொரோனா நேரத்துல காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவன்தான், திரும்பல. பிளேனு கெடையாதுன்னுட்டாங்க. அங்கியே அடக்கம் பண்ணிட்டாங்க. போன்ல காட்டுனாங்க சிஸ்டர், பெத்த புள்ளைய எறக்கறத நான் போன்ல பாத்தேன். அதுவும் பாதில கட் ஆயிடுச்சி. மண்ணு தள்ளுனது அஸ்பாக்குதான். பலகைல பேரு எழுதி நட்டதும் அவன்தான். அந்தப் பலக மழைல உளுத்துப் போச்சாம். இப்ப எது யாரு குழின்னு அஸ்பாக்குக்கு மட்டும்தான் தெரியும். அவனும் கல்யாணம்னு சொல்லி வேலைய விட்டுட்டு அடுத்த மாசம் வந்துடறான். அவன் வந்துட்டா, என் புள்ள எங்க படுத்துக்கினு இருக்கான்னு காட்ட ஒரு ஆளு கெடையாது.

சொல்லியிருக்கலாம்தான். மீட்டிங்ல பாஸ்டர் இன்னா சொன்னாரு? சொந்தக் காரியத்த மனசுல வெச்சிக்கினு யாரும் ஊழியத்துக்கு வரக் கூடாதுன்னாரு. எல்லாரும் ஆமென்னாங்க, நானும் சொன்னேன். வேற இன்னா பண்றது? உங்கள விட்டா அந்த ஊருக்கு என்ன யாரு கூட்டிக்கினு போவாங்க? மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கே எனக்கு வழி தெரியாது.

கல்லு வெட்டறவரு கேட்டாரு, இங்கிலீஷ்ல வெட்டட்டுமா, அங்க எவனுக்கும்மா தமிழு தெரியும்னு. எனக்குத் தெரியுமில்ல, தமிழ்லயே வெட்டுங்கன்னேன்.

பாஸ்டர்கிட்ட சொல்லணும்னா சொல்லிக்கிங்க, தடுக்கல. பிளேன் ஏறுனப்புறம் சொல்லுங்க. மூணு வேள சோத்துல ஒரு கொற வராது சிஸ்டர், அந்த டாக்டருக்கு ஓட்ஸும் நானே கிண்டித் தர்றேன். ஒரே ஒரு மத்தியானம் மட்டும் என்ன விட்டுடுங்க. கல்ல நட்டுட்டு, அவன்கிட்ட கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, சாயந்தரம் எல்லாருக்கும் டீ போட வந்துடறேன்.