மூச்சு வாங்கும் காட்சி

ஒட்டுத்தாடியோடு சார்ஜா வெயிலில் நிற்பது கஷ்டம். பசை இளகி மீசை ஒரு பக்கம் இறங்கிவிடும். அதற்காக நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. படப்பிடிப்பில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

என் பெயர் சுஜந்தன், ஊர் சாவகச்சேரி, வயது இருபத்தெட்டு. வாரநாட்களில் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் வேலை. சனிக்கிழமைகளில் இந்திப் படத்தில் அப்பா வேடம். எனக்கு மகனாக நடித்தவருக்கு நாற்பத்திரண்டு வயது. அந்த மாதிரிப் படங்களில் இது சகஜம். முன்பாதியில் வாலிபனாக வருகிற முகமே பின்பாதியில் நரைக்க வேண்டும். கடைசியில் மகனின் மடியில் மூச்சு முட்டிச் சாக வேண்டும். பார்க்கிறவர்கள் அழ வேண்டும்.

நான் செத்தபோது யாரும் அழவில்லை. ஒன்பது தடவை எடுத்தார்கள்.

"பாய், முடிதான் கிழடு. மூச்சு இன்னும் ஜவான், இளசு," என்றார் இயக்குநர் ஃபவாஸ். அடுத்த சனிக்கிழமையும் சரிவராவிட்டால் வேறு ஆள் என்றார்.

அதன்பின் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே வந்தேன்.

சார்ஜாவில், ரோலாப் பகுதியில் எங்கள் அறையில் மூன்று பேர்: நான், சஜீவன், இராஜரத்தினம் ஐயா. ஐயாவுக்கு அறுபத்தாறு வயது. தையல்கடையில் துணி வெட்டுகிறவர், ஆஸ்துமாக்காரர். அவருடைய நடையைத்தான் படத்தில் நடந்தேன். அறையிலும் அப்படியே நடந்து பழகுவேன். "எனக்கு முழங்கால் நோவெண்டா, நீ ஏனடா தம்பி நொண்டுறாய்?" என்று சிரிப்பார். நான் டூட்டி முடிந்து வரும்வரை சாப்பிடாமல் காத்திருப்பார். நல்ல மனிதர். அதை நான் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவருக்கு இழுக்கத் தொடங்கியபோது, மேசையில் இருந்த இன்ஹேலரை எடுத்து ஃபிரிட்ஜின்மேல் வைத்தேன். கை எப்படித் தேடுகிறது என்று பார்க்கத்தான்.

"தம்பி, என்ரை பம்ப்பைக் கண்டனியே?"

உடனே கொடுத்துவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

புதன்கிழமை தலையணைக்கு அடியில் வைத்தேன். இரண்டு நிமிடம். சினிமாவில் எல்லோரும் நெஞ்சைப் பிடிக்கிறார்கள், அது தவறு. தோள்கள் காதுவரை ஏறுகின்றன. கண், தேடுகிற பொருளை விட்டுவிட்டு மனிதரைத் தேடுகிறது. நான் இன்ஹேலரைக் கண்டெடுத்ததுபோல் நீட்டினேன். மூச்சு சீரானதும், "உனக்குப் புண்ணியம் கிடைக்கும் மோனே," என்றார். எனக்கு மனம் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஆனால் முடிவு என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதை நான் இன்னும் பார்த்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். சஜீவன் டூட்டிக்குப் போயிருந்தான். ஐயா மதியத்துக்கே கடையிலிருந்து வந்துவிட்டார். வரும்போதே அவருக்கு இழுத்துக்கொண்டிருந்தது. இன்ஹேலர் என் காற்சட்டைப் பையில் இருந்தது. அவர் மேசையைத் தடவினார், தலையணையைத் தூக்கினார், ஃபிரிட்ஜின்மேல் பார்த்தார். பிறகு திரும்பி என் பையைப் பார்த்தார். விரலை நீட்டினார். "தம்பி" என்று சொல்ல வாய் திறந்தார், சத்தம் வரவில்லை.

நான் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரத்தில் அன்றைக்குத்தான் என்னால் அசையாமல் உட்கார முடிந்தது.

ஆம்புலன்சுக்கு நான்தான் போன் பண்ணினேன். எவ்வளவு நேரம் கழித்து என்று மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். அவர் கை அசைவது நின்ற பிறகு. அதற்கு முன்பு கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் ஒரே டேக்கில் முடிந்தது. லைட்மேன்கள்கூட அழுதார்கள். ஃபவாஸ் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை துணி துவைக்கும்போது என் காற்சட்டைப் பையில் இன்ஹேலர் இருந்ததைச் சஜீவன் கண்டான். ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

ஊரில் ஐயாவுக்கு ஒரு மகள் இருக்கிறாள், லக்சிகா. படம் வெளிவந்ததும் அவளுக்கு அந்தக் காட்சியைக் காட்டுங்கள். கடைசி நேரத்தில் அப்பாவின் பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்ற குறை அவளுக்குத் தீரும்.