ஓடைக்கரை நாணல்

அன்று பஸ்சில் நான் ஏன் வாய் திறக்கவில்லை?

ராசிங்காபுரத்திலிருந்து போடிக்கு வந்துகொண்டிருந்தேன். மடியில் குழந்தை தூங்கினான். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி எங்கள் தெருவில் ஆடு வளர்ப்பவள். என்னை அவள் கவனிக்கவில்லை.

"ஆடு மேயும்க்கா, மம்பட்டி பிடிக்குமா?" என்றாள் ஆட்டுக்காரி.

"என்னடி ஒளர்ற?"

"ஓடைக்கரை நாணலை என் ஆடு தின்னதுலதான் கரை அறுத்துருச்சாம். மழைத்தண்ணி மண்ணையெல்லாம் வாரிக் கண்மாயில கொட்டிருச்சு. கரையோரம் இருக்குற வாத்தியார் வீட்டு அடுப்படிச் சுவரும் சாஞ்சுபோச்சு."

"உன் ஆடு திங்கலையாக்கும்?"

"நுனியக் கடிச்சிருக்கும். வேரோட தோண்டிக் கெடக்கே, அது எந்த ஆடு?"

"கொம்பால தோண்டிருக்கும்!" மற்றவள் சிரித்தாள்.

"சிரிக்காதக்கா. தைக்குள்ள ஆட்டையெல்லாம் வித்துரணும்னு தெருவே கூடிச் சொல்லிருச்சு. அப்புறம் கஞ்சிக்கு எங்க போவேன்?"

குழந்தைக்குத் தவழும் வயது. எங்கள் வாசலை ஒட்டிய ஓடைக்கரை நாணலுக்குள் பாம்பு இருக்குமோ என்று பயந்து, அதை வேரோடு தோண்டி எறிந்தவள் நான்தான். வாசல் சுத்தமானது என்று அப்போது சந்தோஷப்பட்டேன். போடியில் அவர்கள் இறங்கும்வரை தலை நிமிரவில்லை.

தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. முதலில் அவளிடம் சொல்வதா, வாத்தியார் வீட்டில் சொல்வதா? எந்த வார்த்தையில் தொடங்குவது என்று, இப்படி ஒரு தப்பை ஒப்புக்கொண்டவர்கள் எனக்கு எழுதுங்கள்.