குரங்கின் இருதயம்

கல்லடிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன்சீட்டில் நெஞ்சு வருத்தத்துக்கு மருந்தெடுக்க ஆசுபத்திரிக்குப் போகிற ஒருவர், பக்கத்திலிருந்த மனைவிக்குப் பேப்பர் வாசித்தார். வெளிநாட்டில் ஒருவனுக்குக் குரங்கின் இருதயத்தை எடுத்து வைத்தார்களாம். அன்றைக்கே செத்துவிட்டானாம்.

“அந்தக் குரங்குக்கு ஆரு முப்பத்தோராம் நாள் சோறு படைக்கிற?” என்று கேட்டாள் அவள்.

“குரங்குக்கு ஆருகா படைக்கிற?”

“உசிரக் குடுத்திருக்கே.”

“அது எங்க குடுத்த? இவங்க புடிச்சுக் கட்டி, வெட்டி எடுத்த. எனக்கெண்டா வேணாம்.”

“எனக்கு வேணும். நீங்க இருக்கோணும்.”

“பாவமில்லையா?”

“பாவந்தான். வருஷா வருஷம் அதுக்குப் படைப்பன்.”

அவர் பேப்பரை மடித்தார்.

“பொறகு நானும் செத்துப்போனா?”

“ரெண்டு இலை போடுவன்.”