கவனக்குறைவு யாருடையது என்று கேட்ட மடிப்பு அக்காவுக்கு

வெண்துகில் பேணிய விரல்களுக்கு உரியவரே! வெந்நீராவிக்கு நடுவே வேலையை வாழ்வெனக் கொண்டவரே! நோயுற்றோர் உடல் சாயும் விரிப்பில் ஒரு சுருக்கமும் உறுத்தலாகாது என்று ஒவ்வொரு நாளும் நினைத்த நல்லுள்ளமே! பொறுமைக்கு இலக்கணமே, பொய்யிடம் மட்டும் பொறுமை காட்டாத பெருமிதமே! மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மூத்தவரே, எங்கள் மடிப்பு அக்காவே, வணக்கம்!

முப்பத்தோராண்டும் நான்கு திங்களும் எங்களோடு நின்று, இன்று பணி நிறைவு பெறுகிறீர்கள். தாங்கள் மடித்த விரிப்பின் முனை கத்தி போல் நிற்கும் என்பதால் வந்த பெயர்தான் மடிப்பு அக்கா. சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைக் கேட்டால் எங்களில் பலர் விழிப்போம்.

மரபுப்படி இனித் தங்கள் பண்புகளை வரிசைப்படுத்த வேண்டும். ஆனால் இந்த அவையில் பாதிப்பேர் பத்தாண்டுக்குள் வந்தவர்கள். தங்கள் இடக்கன்னத்தில் தொடங்கிக் கழுத்துவரை இறங்கும் தழும்பை நாள்தோறும் கண்டவர்கள். அதன் கதையைக் கேட்கத் துணியாதவர்கள். ஆகவே சற்று நேரம் தங்களை விட்டு அவையை நோக்கித் திரும்புகிறோம். அனுமதி கேட்டபோது தாங்கள் விதித்த நிபந்தனை ஒன்றே: "எழுதிக்கோ. ஆனா கூட்டிச் சொல்லாத." கூட்டவில்லை, அக்கா.

அவையோரே! பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. அப்போதும் நம் கூடம் மூன்று அறைகள்தான்: துவைக்க ஒன்று, இஸ்திரிக்கு ஒன்று, மடிக்க ஒன்று. கொதிகலனிலிருந்து வரும் நீராவிக் குழாய் இஸ்திரி அறையின் சுவரோடு ஓடி, உருளை இயந்திரத்தின் அருகே, நிற்பவர் முகத்தின் உயரத்தில் ஓர் இணைப்பில் வளையும். அந்த இணைப்பு நாற்பது நாளாகக் கசிந்துகொண்டிருந்தது. மூக்கடைத்த குழந்தை தூங்குவதுபோல் ஓர் ஒலி. அக்கா அதைக் குறைப்புத்தகத்தில் மூன்று முறை எழுதினார். குழாய்க்காரர் வந்து பார்த்து, பழைய துண்டைச் சுற்றிக் கயிற்றால் கட்டிவிட்டுப் போனார். "வாஷர் கேட்டிருக்கேன்மா, ஸ்டோர்ல இல்லையாம்" என்பார் ஒவ்வொரு முறையும். மேலாளரிடம் அக்கா நேரிலும் சொன்னார்.

"ஒழுகுறது ஆவிதானேம்மா? தரைகூட நனையலையே!" என்று சிரித்தார் மேலாளர். அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சம்பளம் தருபவர் நகைச்சுவை சொன்னால் சிரிப்பு தானாக வரும்.

ஒரு நாள் காலை பத்தரை மணிக்குத் துண்டு கிழிந்தது, இணைப்பு விட்டது. அக்கா இயந்திரத்தின் இந்தப் பக்கம். விரிப்பின் மறுமுனையைப் பிடித்தபடி எதிர்ப்பக்கம் நின்றவள் அவருடைய தோழி. வெள்ளைப் புகை வந்தது மட்டுமே அவளுக்குத் தெரிந்தது. அதற்குள்ளிருந்து அலறல் வந்த பிறகுதான் உள்ளே முகம் இருப்பது புரிந்தது. அவள்தான் ஓடிவந்து இழுத்து, அலசும் தொட்டியருகே உட்காரவைத்து, தள்ளுவண்டி வரும்வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

பதினோரு வாரம் தீக்காயப் பிரிவில் கிடந்தார் அக்கா. நம் மருத்துவமனையேதான், நாம் சலவை செய்த விரிப்பேதான். நான்காம் நாள் வாய் திறந்து அவர் பேசிய முதல் பேச்சைச் செவிலியர்கள் நெடுநாள் சொல்லிச் சிரித்தார்கள்: "இதை யாரு மடிச்சது? முதுகுல குத்துது."

வீட்டுக்குப் போனபோது பீரோவில் கண்ணாடி இல்லை. தச்சரான அவர் கணவர் அதைத் திருகு கழற்றி, துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டார். அக்கா வெற்றுப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏங்க, கண்ணாடி என்ன தப்பு பண்ணுச்சு? எடுத்து மாட்டுங்க."

அவர் மாட்டினார். அக்கா பார்த்தார். கன்னத்தைவிடக் கழுத்துதான் கொடுமை. தோல் சுருங்கி இழுத்ததால் தலையை வலப்பக்கம் திருப்ப முடியவில்லை. அறுவை மருத்துவர் எழுதிய சான்றில் கடைசி வரி இது: 'காயம் ஆறிவிட்டது, தழும்பு நிரந்தரம்.'

அடுத்த வாரம் மேலாளர் ஒரு பை நிறையப் பழங்களோடும் ஒரு தாளோடும் வந்தார். உதவித்தொகை என்று ஒரு தொகை. கையெழுத்திட்டால் மறுநாளே கைக்கு வரும். அக்கா தாளை ஒற்றைக் கண்ணருகே வைத்து நிதானமாகப் படித்தார். மற்றொரு கண்ணில் இன்னும் வீக்கம் வடியவில்லை. 'தமது கவனக்குறைவால் நேர்ந்த விபத்து' என்று அதில் இருந்தது.

"சார், கவனக்குறைவுக்கு முன்னாடி 'தமது'ன்னு இருக்கே, அந்த ஒரு சொல்ல அடிச்சிட்டுக் கொடுங்க. பணமே வேணாம். கையெழுத்துப் போடுறேன்."

மேலாளர் பேனாவை எடுத்தார், மூடினார், மறுபடி எடுத்தார். "அது என்னால முடியாதும்மா. மேலிடத்துல எழுதிக் கொடுத்தது."

"அப்ப அந்தச் சொல்லுக்குத்தான் இந்தப் பணம்."

பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். வீடு தேடி வந்தவர் கொண்டுவந்ததைத் திருப்பக் கூடாதாம்.

அக்கா வழக்குப் போடப்போவதைக் கேள்விப்பட்ட நாத்தனார் அன்று மாலை வந்து குதித்தார். "முகத்தக் காட்டிக் காசு கேக்கப் போறீங்களா அண்ணி? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "நாலு பேரு இப்பவே பாத்துட்டுத்தானே இருக்காங்க. சொல்றதையும் சொல்லட்டும்" என்றார். தொழிற்சங்க வழக்கறிஞர் மனுவை எழுதினார். நிர்வாகத்தின் அலட்சியத்தால் ஏற்பட்ட நிரந்தரத் தழும்புக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் பதிவாயிற்று.

பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடலுக்கு நா தடுமாறுகிறது. குறைப்புத்தகத்தில் அந்த மூன்று நாட்களுக்குரிய தாள்கள் காணாமற்போயின. இஸ்திரி அறையில் இருந்த நான்கு பேரை மேலாளர் அழைத்தார். நால்வரும் தற்காலிகப் பணியாளர்கள். நிரந்தர ஆணை அவர் மேசை மேலேயே கிடந்தது. 'குழாயில் முன்பு கசிவு எதுவும் இல்லை; அவர்தான் விதிப்படி ஒதுங்கி நிற்கவில்லை' என்ற வாக்குமூலத்தில் நால்வரும் கையெழுத்திட்டார்கள். தண்ணீர் ஊற்றிய எதிர்ப்பக்கத் தோழியும் அந்த நால்வரில் ஒருத்தி. நிரந்தர ஆணை அந்த வாரமே வந்தது.

வாக்குமூலத்தின் நகலை வழக்கறிஞர் காட்டியபோது, அக்கா கீழே இருந்த நான்கு கையெழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்காவதில் சற்று அதிக நேரம் நின்றார்.

"புத்தகமும் இல்ல, சாட்சியும் இல்ல. கேஸு தேறுறது கஷ்டம்மா" என்றார் வழக்கறிஞர்.

அக்கா நகலை முனை பிசகாமல் மடித்துக்கொண்டே கேட்டார்: "எங்க புத்தகத்தக் கிழிச்சிட்டாங்க, சரி. குழாய்க்காரரு ஸ்டோர்ல வாஷர் கேட்டாரே, அது ஸ்டோர் புத்தகத்துல இருக்கும்ல? அது வேற கட்டடம். கிழிக்கணும்னு யாருக்காவது தோணியிருக்குமா?"

வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாராம். பண்டகக் காப்பாளர் கண்டிப்புக்குப் பேர்போனவர். "யாரு கேட்டாலும் பதிவேட்டக் காட்ட மாட்டேன். மன்றம் கேட்டா மறைக்க மாட்டேன்" என்றார். நீதிமன்றம் கேட்டது. பதிவேடு வந்தது. மூன்று நாட்கள், மூன்று பதிவுகள்: 'இஸ்திரி அறை நீராவி இணைப்பு, கசிவு, வாஷர் ஒன்று – இருப்பில் இல்லை.' ஒவ்வொன்றின் ஓரத்திலும் மேலாளரின் சுருக்கொப்பம்.

ஆனால் பதிவேடு வருவதற்கு ஓராண்டு ஆயிற்று. அதற்கு முன்பே அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். வழக்குத் தொடுத்த அதே இடத்துக்கு, கையெழுத்திட்டவர்கள் நின்ற அதே கூடத்துக்கு! முதல் நாள் அவரை மடிக்கும் பிரிவில் விட்டார்கள்; கையெழுத்திட்டவர்களும் அன்று அங்கேதான் இருந்தார்கள். பெரிய விரிப்பை ஒருவர் மடிக்க இயலாது. எதிரே இன்னொருவர் வேண்டும். அக்கா ஒரு முனையைப் பிடித்தபடி நின்றார். எதிரே யாரும் வரவில்லை. ஒருத்தி கூடையில் எதையோ தேடினாள். ஒருவர் வராத இருமலை வரவழைத்துக்கொண்டார். எதிர்ப்பக்கத் தோழி சுவரைப் பார்த்து நின்றாள்.

"ஏய், இங்க வா. அந்த ரெண்டு முனையப் பிடி" என்றார் அக்கா.

அவள் அசையவில்லை.

"வழக்குக்கு வழக்கு, வேலைக்கு வேலை. வார்டுல ஆளுங்க வெறும் மெத்தையில படுத்திருக்காங்க. பிடி."

அவள் பிடித்தாள். மடித்து மடித்து விரிப்பு குறையக் குறைய இருவரும் நெருங்கி வர வேண்டும். கடைசி மடிப்பில் இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். அந்த நெருக்கத்தில் அவள் முதன்முறையாகத் தழும்பைப் பார்த்தாள். அன்று இருநூறு விரிப்புகள். இருநூறு முறை பார்த்தாள்.

மன்றத்தில் அக்காவை விசாரித்த நாளும் சொல்லத்தக்கது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மரியாதையாகத்தான் கேட்டார். "கண்ணு நல்லாத் தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க."

"கை கால் வேலை செய்யுது. அதே வேலை, அதே சம்பளம். இப்ப வலியும் இல்லை. அப்படித்தானே?"

"குளிர் நாள்ல இழுக்கும். மத்தபடி இல்லைங்க."

"அப்புறம் எதை இழந்தீங்கன்னு இழப்பீடு கேக்குறீங்க?"

தலை திரும்பாததால் அக்கா உடம்போடு நீதிபதியின் பக்கம் திரும்பினார். "ஐயா, நான் தினமும் பஸ்லதான் வேலைக்கு வர்றேன். காலையில கூட்டம் தாங்காது. படிக்கட்டுல தொங்கிட்டு வருவாங்க. ஆனா என் பக்கத்து சீட்டு காலியாவே இருக்கு. கால் வலிக்குதுன்னு முனகிட்டே நிக்கிறவங்ககூட உக்கார மாட்டேங்குறாங்க. ஒரு தடவ நானே நகந்து, 'உக்காருங்கம்மா, இது ஒட்டாது'ன்னேன். அந்தம்மா அடுத்த நிறுத்தத்துல இறங்கிட்டாங்க. அந்தக் காலி சீட்டுக்கு என்ன விலைன்னு எனக்குத் தெரியல. நீங்களே போடுங்க."

நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

இரண்டாண்டு ஏழு திங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. விபத்துக்குக் காரணம் நிர்வாகத்தின் கவனக்குறைவே என்றும், பணியாளர்மீது பிழை ஏதும் இல்லை என்றும் அதில் இருந்தது. தொகை, கேட்டதில் பாதிக்குச் சற்று மேல். அக்கா துள்ளிக் குதிக்கவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து நாத்தனாருக்குப் படித்துக் காட்டினார். பணத்தில் பெரும்பங்கு கழுத்து அறுவைக்குப் போயிற்று. தலை வலப்பக்கம் திரும்பியது. கன்னம் அப்படியே இருந்தது.

மூத்தவரே! இனித் தங்களை நோக்கியே பேசுகிறோம்.

அந்தத் தீர்ப்புக்குப் பின் இந்தக் கூடத்தில் நீராவியால் ஒருவருக்கும் தோல் வெந்ததில்லை. ஒவ்வொரு காலையும் தாங்கள் குழாயோரம் நடந்து, ஒவ்வோர் இணைப்பிலும் காது வைத்துக் கேட்ட பிறகே இயந்திரம் சுழலும். "அக்கா குழாய்க்கும் காய்ச்சல் பாப்பாங்க" என்று கிண்டலடித்தவர்களின் முகங்கள் வழவழவென்று இருக்கின்றன. அந்த வழவழப்பே தங்களுக்கான வாழ்த்துப்பா! சமையற்கூடத்தில் கை வெந்தவரும், ஆய்வகத்தில் அமிலம் தெறித்தவரும் அழுதபடி தங்களைத் தேடி வந்தார்கள். "முதல்ல தேதியோட போட்டோ எடு. யாரு பாத்தாங்கன்னு எழுதி வை. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் அழு" என்றீர்கள். அவர்களில் மூவர் தங்கள் உரிமையைப் பெற்று இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

உழைத்த கைகளுக்கு ஓய்வு வாய்க்கட்டும். விடியற்காலையில் எழவேண்டிய கட்டாயம் இல்லாத நாட்கள் நீளட்டும். துணைவரோடும் மகளோடும், நோயின்றி, நோவின்றி, நூறாண்டு நிறைவாக வாழ்க!

வழக்கமாக மடல் இங்கே முடியும். இதை எழுதியது அந்த எதிர்ப்பக்கத் தோழிதான். இன்று இந்தக் கூடத்தின் மேற்பார்வையாளர். கையெழுத்திட்ட நால்வரில் ஒருவர் மறைந்தார். இருவர் வேலையை விட்டுப் போனார்கள். எஞ்சியவள் நான். பதினெட்டு ஆண்டுகளாகத் தாங்கள் என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அடுக்குமொழியில் இதை எழுதிப் பார்த்தேன், பொய்யாகவே ஒலித்தது. ஆகவே நாம் பேசும் பேச்சிலேயே, எல்லோர் காதிலும் விழும்படி, அன்று மன்றத்தில் சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்கிறேன்:

அக்கா, குழாய் ஒழுகுச்சு. நாப்பது நாளா ஒழுகுச்சு. நான் பாத்தேன். நீங்க சொல்லும்போது பக்கத்துலதான் நின்னேன். இல்லைன்னு எழுதிக் கொடுத்தேன். என்னை மன்னிச்சிடுங்க.

இப்படிக்கு,
மருத்துவமனைச் சலவைக்கூடப் பணியாளர்கள் முப்பத்து நால்வர்.
முதற்கையெழுத்து: எதிர்ப்பக்கத் தோழி.