கோட்டில் குத்திய பேட்ஜ்

அந்த ஆராய்ச்சிக்காரன் பொறுப்பே இல்லாதவன்.

திருநின்றவூர் ரயிலில் அவனும் அவன் மனைவியும் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நொடிகூட நிலைக்காத அணுக்கருக்களைக் கற்றையாகப் பாய்ச்சி, அவற்றின் அமைப்பை ஆராய்கிறவனாம். கதிர்வீச்சை அளக்கக் குத்திக்கொள்ளும் பேட்ஜில் அளவு எகிறியிருந்ததால், ஆய்வுக்கூடம் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இன்றுதான் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் பேசியதில் அவனுக்கு உண்மை தெரிந்திருக்கிறது.

“பேட்ஜோட கோட்டு கற்றை அறைக்குள்ளயே தொங்கிகினு இருந்துச்சாம். கற்றை பாயும்போது அந்த அறையைப் பூட்டிடுவாங்க. நான் வெளிலதான் இருந்தேன். பட்டது பேட்ஜுக்குத்தான், எனக்கு இல்ல.”

“கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள காணாமப் போற அணுவைப் புடிக்கிறீங்க. போட்டுகினு போன கோட்டு எங்கன்னு தெரியாதா?”

“அதான் ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சே, மேரி!”

அவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தாள்.

“ஆயிடுச்சா? ரெண்டு வாரமா நான் தூங்கல. உங்க அண்ணன் மாதா கோயில்ல உங்களுக்காக செபம் பண்ணச் சொல்லி, தெருவே என்னைப் பாத்து உச்சு கொட்டுது. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும், எல்லாரும் கேக்குற மாதிரி நீங்களே மைக்குல இதுக்குப் பதில் சொல்லணும்: அந்தக் கோட்ட அங்க மாட்டுனது யாரு?”